அடைப்புக்குறிக்குள் பல்லவி

கீர்த்தனைப் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். பல்லவி முழுதாக ஒருமுறைதான் அச்சாகியிருக்கும். அனுபல்லவி முடிந்ததும், ஒவ்வொரு சரணம் முடிந்ததும், அதன் முதல் சொல்லை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். பாடுகிறவர்தான் மேலே போய் எடுத்துப் பாடிக்கொள்ள வேண்டும். வீடியோ எடிட்டிங் மென்பொருளில் ஒரு கிளிப்பைப் பிரதி எடுத்தால் நடப்பதும் இதேதான்.

பிரீமியர் ஆகட்டும், டாவின்சி ரிசால்வ் ஆகட்டும், கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் தெரியும் பட்டைகளுக்குள் படம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குறிப்பு: எந்தக் கோப்பு, அதில் எங்கிருந்து எதுவரை, டைம்லைனில் எந்த நொடியில் ஆரம்பம். படம் ஹார்ட் டிஸ்க்கில் கிடந்த இடத்திலேயே கிடக்கும். நொடிக்கு 100 மெகாபிட் அளவில் எடுத்த 1 நிமிட வீடியோ 750 மெகாபைட் வரும். அதை டைம்லைனில் பத்துப் பிரதி போட்டாலும் டிஸ்க்கில் 7.5 ஜிகாபைட் கூடாது. ப்ராஜெக்ட் ஃபைலில் சில வரிகள்தான் கூடும். இது புரியாத நாளில், ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போய், திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. ஃபுட்டேஜ் எல்லாம் வீட்டு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது.

பிலிம் காலத்தில் இந்தச் சுகம் கிடையாது. 35 மி.மீ. சுருளில் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனிப்படம். நொடிக்கு 24 வீதம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. எடிட்டர் வெட்டி ஒட்டுவது நெகட்டிவிலிருந்து எடுத்த பிரின்ட்டை. எல்லாம் முடிவானதும், ஓரத்தில் இருக்கும் எண்களை வைத்து நெகட்டிவை வெட்டுவார்கள். சரி, ஒரே ஷாட் இரண்டு இடத்தில் வர வேண்டும் என்றால்? நெகட்டிவ் ஒன்றுதானே! லேபில் டூப் நெகட்டிவ் எடுக்க வேண்டும். பிரதியின் பிரதி என்பதால் அதில் கொஞ்சம் புள்ளிபுள்ளியாகத் தெரியும்.

வெட்டாமல் குறித்து மட்டும் வைக்கும் வழியைக் கணினிக்குக் கொண்டுவந்த முதல் கருவிகளில் ஒன்று, 1971இல் அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனமும் டேப் தயாரிக்கும் மெமோரெக்ஸும் கூட்டாகத் தயாரித்த சிஎம்எக்ஸ் 600. அது கறுப்பு வெள்ளையில் சுமாரான படம்தான் காட்டும். எடிட்டர் எடுத்த முடிவுகள் ஒரு பட்டியலாக வெளியே வரும். அதை வைத்து அசல் டேப்பிலிருந்து படத்தைக் கோப்பார்கள்.

கிளிப்புகளை வரிசை மாற்றுவதும் எண்களை மாற்றும் வேலைதான். நடுவில் ஒன்றை நுழைத்தால், பந்தியில் ஒருவர் இடையில் உட்கார வரும்போது மற்றவர்கள் ஒரு இலை தள்ளிப் போவது போல, பின்னால் உள்ள எல்லாக் கிளிப்பின் ஆரம்ப நேரத்திலும் அதன் நீளம் கூட்டப்படும். ஓவர்ரைட்டில் யாரும் நகரமாட்டார்கள்; புதியது பழையதன் மேல் உட்கார்ந்துவிடும். நுழைக்கும்போது வீடியோ ட்ராக் மட்டும் நகர்ந்து ஆடியோ ட்ராக் நின்றுவிட்டால், கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும் முன்பே கெட்டிமேளம் முடிந்திருக்கும். ட்ராக்குகள் சேர்ந்தே நகரும்படி சிங்க் லாக் போட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

சாதாரணப் பிரதிகளுக்குள் ஒட்டுறவு இல்லை. ஒன்றின் நிறத்தை மாற்றினால் அந்தக் குறிப்பில்தான் அது ஏறும். பிரீமியரில் பல கிளிப்புகளை ஒரே நெஸ்ட்டாகக் கட்டி, அந்த நெஸ்ட்டைப் பல இடத்தில் போட்டால் கதை வேறு. அதன் உள்ளே போய் ஒன்றைத் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறும். பல்லவியிலேயே கை வைத்த மாதிரி.

துண்டு துண்டாகப் பிரதி போட்ட இடங்களில் சில கணினிகள் திக்கித் திணறுவதற்கும் காரணம் உண்டு. ஹெச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப்படமாக இருக்காது. ஒரு முழுப்படம், அப்புறம் வரிசையாக மாற்றங்கள் மட்டும். 50 ஃபிரேமுக்கு ஒரு முழுப்படம் இருக்கிற கோப்பில் உங்கள் துண்டு 40ஆவதில் தொடங்கினால், அதைக் காட்டுவதற்காகக் கணினி முதல் ஃபிரேமுக்கே திரும்பிப் போய் வரிசையாகக் கணக்குப் போட்டு வரும். ஒவ்வொரு வெட்டிலும் இதே ஓட்டம்.

முடித்த வீடியோவைத் தனிக் கோப்பாக எழுத எக்ஸ்போர்ட் கொடுக்கும்போதுதான் குறிப்புகள் படமாகின்றன. பத்து இடத்தில் போட்ட கிளிப் பத்து முறை எழுதப்படும். வெறும் பத்து வரியாக இருந்தது அப்போதுதான் எடை போடும்.