வெள்ளைச் சுவரை அச்சிடு, உள்ளே சிண்டிலேட்டரை ஊற்று

துகள் கண்டறியும் கருவியை 3டி பிரிண்டரில் செய்ய முடியுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும், செய்தும் காட்டிவிட்டார்கள்.

இந்தக் கருவியில் ஒளிரும் பொருள்தான் சிண்டிலேட்டர்: பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் சில சாயங்களைக் கொஞ்சமாகக் கலந்தால் அது பிளாஸ்டிக் சிண்டிலேட்டர். மின்னூட்டமுள்ள துகள் ஊடுருவும்போது பாலிஸ்டைரீன் வாங்கும் ஆற்றலைச் சாயங்கள் நீல ஒளியாக வெளியே விடும், சில நானோ நொடிகளில். அந்த ஒளியை மெல்லிய ஃபைபர் ஒன்று பிடித்து ஒளியுணரிக்குக் கொண்டுபோகும்.

சரி, பிரிண்டர் எதற்கு? நியூட்ரினோ என்ற, எளிதில் பிடிபடாத நுண்துகளை ஆராயும் ஜப்பானின் டி2கே சோதனைக்காக 1 செ.மீ. சிண்டிலேட்டர் கனசதுரங்கள் கிட்டத்தட்ட 20 லட்சம் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் ஃபைபர் நுழைய மூன்று துளைகள், ஒளி பக்கத்துக் கட்டைக்குக் கசியாமலிருக்க மேலே வெள்ளைப் படலம். துளைகள் நேராக வர வேண்டும் என்பதற்காக முதலில் மீன்பிடி நரம்பில் கோத்து அடுக்கினார்கள். இதைவிடப் பெரிய கருவி வேண்டுமென்றால் கைவேலை கட்டுப்படியாகாது.

ஆனால் சாதாரணமாக இழை இழையாக அச்சிட்டால் இழைகளுக்கு நடுவே காற்று மாட்டிக்கொள்ளும், ஒளி அதில் பட்டுச் சிதறிவிடும். ஐரோப்பிய துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன், சூரிச்சின் இடிஎச் பல்கலைக்கழகம், சுவிட்சர்லாந்தின் இன்னொரு பொறியியல் கல்லூரி, உக்ரைனின் கார்கிவ் நகரிலுள்ள சிண்டிலேட்டர் பொருட்கள் நிறுவனம் சேர்ந்த 3டெட் குழு கண்டுபிடித்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிரிண்டர் வெறும் வெள்ளைச் சுவர்களை மட்டும், மூடியில்லாத அறைகளாக, எழுப்புகிறது. துளை வேண்டிய இடத்தில் உலோகக் கம்பிகளைச் செருகிவிட்டு, உருகிய சிண்டிலேட்டரை வேகமாக உள்ளே செலுத்துகிறார்கள். அது ஆப்பச்சட்டி மாவு போல மூலைவரை பரவி, காற்றுக்கு இடம் விடாமல் ஒரே கட்டியாக இறுகுகிறது. அந்தச் சூட்டுக்குச் சுவர் இளகக் கூடாது, அதனால் வெள்ளைப் பிளாஸ்டிக்கையே தனியாக உருவாக்க வேண்டியிருந்தது. அப்புறம் அதன்மேல் அடுத்த அடுக்கு. இப்படி 5×5×5, மொத்தம் 125 அறைகள் கொண்ட கட்டியை அச்சிட்டு, வானிலிருந்து வரும் மியூவான் என்ற மின்னூட்டத் துகள்களை வைத்துச் சோதித்தார்கள். வழக்கமான முறையில் செய்த கட்டைகளுக்கு இணையாக அது ஒளிர்ந்தது.

கார்கிவின் வேதியியல் அனுபவம் இல்லாமல் இது நடந்திருக்காது. கருவிக்கான பொருளை உருவாக்கும் இத்தகைய ஆய்வகங்களுக்கும், கண்டுபிடிப்பை அறிவிக்கும் குழுக்களுக்குத் தருவதுபோல நிதி தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உருக்கி ஊற்றிய பிளாஸ்டிக்கின் தெளிவு குறையாதா என்று கேட்கலாம். குறையும்தான். ஆனால் 1 செ.மீ. அறைக்குள் ஒளி ஃபைபரைத் தொட அதிக தூரம் போக வேண்டியதில்லை.