முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள்

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களைக் காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் போய்ப் பார்த்துக்கொள்வது என் வேலை. போனதும் தையலைப் பார்ப்பதற்கு முன்னால், காலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். பெரும்பாலும் தலையணை இருக்கும்.

கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஆச்சிக்கு வலது முழங்காலில் ஆபரேஷன். எட்டாம் நாள். மகள் பாசத்தோடு இலவம்பஞ்சுத் தலையணையை முழங்காலுக்கு அடியில் கொடுத்திருந்தார். “மடக்கி வச்சாத்தான் ஆத்தா வலி தெரியலை” என்றார் ஆச்சி. உண்மைதான், அந்த நேரத்துக்குத் தெரியாது. ஆனால் மடங்கியே கிடக்கும் முழங்கால் அப்படியே இறுகிவிடும். அப்புறம் நேராக நீட்ட வராது, விந்தி விந்தி நடக்க வேண்டியதுதான். துண்டைச் சுருட்டிக் கணுக்காலுக்கு அடியில் வைத்தேன். முழங்கால் மெல்லத் தாழ்ந்து நேரானது. ஆச்சி முகம் சுளித்தார். டாக்டர் எழுதிய வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள் என்றேன். வலியைப் பொறுத்துக்கொண்டு பயிற்சி செய்வதில் பெருமை ஒன்றுமில்லை.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் எண்ணெய் தடவி நீவாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அது நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. தையலில் நீர் கசிந்தாலும், காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது இங்கே வழக்கம். வாக்கரோடு ஒருவர் நடக்கும் வீட்டில் அதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். தரை மங்கினால் மங்கட்டும்.

படிதான் பெரிய வழக்காகிவிட்டது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். ஆச்சிக்கு நல்ல கால் இடது. “வாசப்படியில இடது காலையா வைக்கச் சொல்றே?” என்றார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். மகள்தான் சமாதானப்படுத்தினார்.

அடுத்த வாரம் போனபோது ஆச்சி இடது காலை வைத்துப் பட்டாலை என்கிற உள்திண்ணையின் படி ஏறிக்காட்டினார். சாமி வீடு என்கிற பூஜை அறையின் வாசலில் மட்டும் வாக்கரை நிறுத்திவிட்டார். வெளியே ஓர் உயரமான நாற்காலி போட்டிருந்தது.

“வலது கால் நல்லாகட்டும். அப்புறம் உள்ள போய்க்கிறேன்.”