வாய்க்கால் வழியே போகும் சாமி

சீனாவின் தென்கிழக்குக் கடலோரம், ஃபூஜியான் மாகாணத்தில் பூத்தியன் என்றொரு சமவெளி இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதன் பெரும்பகுதி கடலலை ஏறியிறங்கும் உப்புச் சேறு. மூலான் ஆற்றில் கடல்நீர் ஏறாமல் தடுத்து, நன்னீரைத் தேக்கினால்தான் அங்கே நெல் விளையும். சியென் சூநியாங் என்ற பெண் 1064இல் அணை கட்டத் தொடங்கினார். வெள்ளம் அதை உடைத்தது, அவரும் ஆற்றோடு போனார் என்கிறது அவ்வூர் மரபு. அடுத்தவர் கட்டியதும் நிலைக்கவில்லை. மூன்றாவது முயற்சியில், 1083இல் அணை நின்றது. இன்றும் நிற்கிறது. சியென் சூநியாங் இப்போது அங்கே தெய்வம்.

அணையிலிருந்து பிரியும் வாய்க்கால்களுக்கும் ஊர்க் கோயில்களுக்கும் என்ன உறவு? இதற்கு விடை தேட ஆய்வாளர்கள் கென்னத் டீனும் செங் சென்மானும் பல ஆண்டுகள் ஊர் ஊராக நடந்தார்கள். 2010இல் வெளிவந்த அவர்களின் ஆய்வில் 724 கிராமங்கள், 2,586 கோயில்கள். சராசரியாக ஓர் ஊருக்கு மூன்றரைக் கோயில்! எந்தத் தெய்வம், எந்தக் குலத்தார், எந்த ஊரோடு சேர்ந்து திருவிழா என்று எல்லாவற்றையும் குறித்து, அதை ஜி.ஐ.எஸ். எனும் கணினி வரைபடத்தில் ஏற்றினார்கள்.

இந்த வரைபடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த கண்ணாடித் தாள்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் கோயில்கள் புள்ளிகளாக, இன்னொன்றில் வாய்க்கால்களும் மதகுகளும் கோடுகளாக, மற்றொன்றில் சந்தைகள், வேறொன்றில் நிலத்தின் உயரம். எல்லாத் தாள்களுக்கும் ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை. அதனால் எந்த இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம்.

ஆனால் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. புள்ளிகளை எப்படிச் சிதறினாலும் அதில் ஓர் ஒழுங்கைக் கண்டுவிடுவது மனித இயல்பு. கோயில்கள் வாய்க்காலை ஒட்டியே இருப்பதாகத் தோன்றுகிறதா? சரி, அதே எண்ணிக்கைப் புள்ளிகளைக் கணினியே கண்மூடித்தனமாக அந்த நிலத்தில் வீசட்டும். ஒரு முறையல்ல, 999 முறை. ஒவ்வொரு முறையும் வாய்க்காலுக்கும் புள்ளிகளுக்கும் உள்ள சராசரித் தூரத்தைக் கணக்கிட வேண்டும். உண்மைக் கோயில்களின் தூரம் அந்த 999 விடைகளையும்விடக் குறைவாக வந்தால், அது தற்செயலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சும்: ஊர்களே நீரை ஒட்டித்தானே அமைந்திருக்கும்? ஆகவே புள்ளிகளை வெட்டவெளியில் வீசாமல், ஊர்கள் இருக்கும் இடங்களுக்குள் மட்டும் வீசிப் பார்ப்பதுதான் நியாயமான சோதனை. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கண்டிப்புதான்.

புள்ளிகளைவிட அதிகம் பேசுபவை கோடுகள். சீனப் புத்தாண்டை அடுத்த விளக்குத் திருவிழாவில் ஊர்ச்சாமி பல்லக்கில் ஏறி எல்லையைச் சுற்றி வருவார். அந்த ஊர்வலப் பாதையை வரைந்தால் அந்தச் சாமியின் ஆட்சி எல்லை கிடைத்துவிடும். காகிதத்தில் எழுதப்படாத எல்லையை ஆண்டுதோறும் மக்கள் காலால் நடந்து புதுப்பிக்கிறார்கள். பக்கத்து ஊர்கள் சேர்ந்து விழா எடுக்கும் கூட்டணிகள் பூத்தியனில் 150க்கும் மேல். அவற்றை வாய்க்கால் தாளின் மேல் வைத்தால் பாசன அமைப்போடு நெருக்கமாகப் பொருந்துகின்றன. காரணம் விளங்காததல்ல. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்கள் தூர்வார வேண்டும், மதகு காக்க வேண்டும், முறை பிரிக்க வேண்டும், கடைமடைக்காரரின் சண்டையைத் தீர்க்க வேண்டும். அதற்குக் கூடும் இடமும் பொதுப் பணமும் சத்தியம் செய்ய ஒரு சாட்சியும் தேவை. மூன்றையும் கோயில் தந்தது.

எல்லா இடத்திலும் நீரே விடை என்று எண்ணிவிட வேண்டாம். 1949-50இல் சீனாவின் தென்மேற்கு மாகாணமான சிச்சுவானில் களப்பணி செய்த மானிடவியலாளர் வில்லியம் ஸ்கின்னர், சந்தையைக் கண்டார். ஒரு சந்தை ஊரையும் அங்கே வந்துபோகும் ஏறத்தாழ 18 கிராமங்களையும் ஓர் அலகாக வைத்தால், சந்தை ஊர்க் கோயில் தெய்வத்தின் எல்லையும் அதுவே என்றார். ஒரே நாட்டில் இரு வட்டாரங்கள், இரு வேறு அச்சாணிகள். எந்தத் தாள் எங்கே பொருந்துகிறது என்று சோதித்துப் பார்ப்பதற்குத்தான் இந்த வேலையெல்லாம்.

வகுக்கும் எண்ணிலும் கவனம் வேண்டும். திபெத்தில் சதுர கிலோமீட்டருக்கு எத்தனை மடாலயம் என்று கேட்டால் நிலப்படம் வெறிச்சோடித் தெரியும். ஆயிரம் பேருக்கு எத்தனை என்று கேட்டால் அதே இடம் அடர்ந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், எண்ணப்படாத கோயில்கள். 2004 பொருளாதாரக் கணக்கெடுப்பு சீனா முழுவதும் 70,000க்கும் மேற்பட்ட வழிபாட்டிடங்களைப் பதிவு செய்தது. ஆனால் அவை அரசு ஏற்ற ஐந்து மதங்களுக்கு உரியவை: பௌத்தம், தாவோயிசம், இஸ்லாம், கத்தோலிக்கம், சீர்திருத்தக் கிறிஸ்தவம். ஊர்ச்சாமி கோயில்களில் பெரும்பாலானவை அதில் இல்லை. அந்தத் தரவை மட்டும் நம்பிப் பூத்தியனை வரைந்தால், பல்லக்கு சுற்றிவரும் ஊரெல்லாம் வெற்றிடமாகத் தெரியும்.

அப்புறம், அழிந்துபோன கோயில்கள். பூத்தியனுக்குத் தெற்கே அதே கடலோரத்தில் உள்ள துறைமுக நகரம் சுவான்சௌ. அங்கே இன்று சிவன் கோயில் கிடையாது. ஆனால் ஒன்று இருந்தது. நம்மவர் சிற்ப வேலைப்பாடு கொண்ட தூண்கள் கையுவான் பௌத்தக் கோயிலில் நிற்கின்றன. 1281 சித்திரையில் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டும் அந்நகரில் கிடைத்தது, அடியில் ஒரு வரி சீன எழுத்தோடு. ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் ஆண்டையும் சேர்த்தே ஆய்வாளர்கள் பதிகிறார்கள்: எப்போது தோன்றியது, எப்போது மறைந்தது, எந்தக் கல்லில் சான்று. 1281க்கான தாளை விரித்தால் அந்தச் சிவன் கோயில் சுவான்சௌவில் ஒரு புள்ளியாக நிற்கும். இன்றைய தாளில் இருக்காது.