மரச் சுவரில் ஓட்டையா? பட்டியைக் கையில் எடுக்கும் முன்

"பலகைக்கு நடுவில் சந்து விட்டிருக்கிறது, வந்து அடைத்துக் கொடுங்கள்" என்று எனக்கு அழைப்பு வருவது பெரும்பாலும் சித்திரை, வைகாசியில்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் சந்து, ஓட்டை அடைக்கிற பசைமாவான பட்டியை (putty) இறுக்கி அடைத்து, பாலிஷும் போட்டுக் கொடுத்தேன். ஐப்பசி மழையில் மரம் ஊதியது. பட்டி பொடிப்பொடியாகத் தரையில் கிடந்தது. இரண்டு பலகைகள், அவற்றைப் பின்னால் தாங்குகிற ரீப்பர் சட்டத்தை விட்டு எழும்பி நின்றன. செலவு என் கையிலிருந்துதான்.

மரம் நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. அகலவாக்கில்தான் ஈரத்துக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும். ஆகவே கோடையில் மட்டும் தெரிகிற சந்தை அடைக்கவே வேண்டாம். பாலிஷ் படாத வெளிறிய கோடு கண்ணை உறுத்தினால் அங்கே நிறம் தடவிவிட்டால் போதும். வருடம் முழுக்க விட்டிருக்கிற சந்துக்கு அதே மரத்தில் மெல்லிய சக்கை சீவி, ஒரு பக்கப் பலகையில் மட்டும் ஃபெவிகால் வைத்து ஒட்டுவேன். மறுபக்கம் அசைய இடம் வேண்டும்.

ஓட்டை வேறு விஷயம். டிவி மாட்டிய திருகு ஓட்டை என்றால் ஃபெவிகால் தோய்த்த மரக்குச்சியை அடித்து, காய்ந்ததும் மட்டமாக வெட்டிவிடலாம். ஆனால் குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும், கீழே முகப்பவுடர் போலத் தூளும் இருந்தால் அது உளு, மரத்தைத் துளைக்கிற பூச்சி. மரத்தின் நடுவில் இருக்கிற கெட்டியான வைரத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள வெளிறிய வெள்ளைக்கட்டையைத்தான் தின்னும். மேலே அடைத்தால் உள்ளே இருக்கிற பூச்சி பக்கத்தில் துளைத்துக்கொண்டு வரும். முதலில் மருந்து, அப்புறம்தான் பட்டி. தட்டினால் பொத்தென்று கேட்டு, ஓரத்தில் மண் கோடும் தெரிந்தால் கரையான்; பலகையைக் கழற்றாமல் வழியில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறையா என்றும் பாருங்கள். ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், நிற்காமல் எதை அடைத்தும் புண்ணியமில்லை.

ஃபெவிகாலில் மரத்தூள் குழைத்து அடைப்பது நம் ஊர்ப் பழக்கம். பசை ஏறிய இடம் சாயம் குடிக்காது, பாலிஷ் போட்டதும் தேமல் மாதிரி நிற்கும். உப்புத்தாள் போட்ட மரத்தை ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால், பாலிஷுக்குப் பிறகு வரப்போகும் நிறம் ஏறக்குறையத் தெரிந்துவிடும். பட்டியின் நிறத்தை அதற்குச் சேர்த்துக் கலக்குங்கள்.

தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள். புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் மரத்தூளும் இருக்கிறது. எங்கள் பட்டறையில் பெரிய ஆசாரிகளிடம் இதைச் சொன்னால் சிரித்துவிட்டு, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி தேய்க்க ஆரம்பிப்பார்கள்.