கிராஃபீன் ஏற்றினால் செம்பில் களிம்பே பிடிக்காதா?

செம்புத் தாளின் மேல் கிராஃபீன், அதாவது ஓரணுத் தடிமனுள்ள கார்பன் படலம், வளர்ப்பது என் வேலை. சிறுதொழில் நடத்துபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "இதை ஒரு தடவை ஏற்றிவிட்டால் களிம்பே பிடிக்காதாமே?" அப்படி இல்லை. வருடக்கணக்கில் உழைக்க வேண்டிய பொருளென்றால், வெறும் செம்பைவிட மோசமாகக்கூடப் போகலாம்.

25 மைக்ரான் தடிமனுள்ள செம்புத் தாளைக் குவார்ட்ஸ் குழாய்க்குள் வைத்து, ஹைட்ரஜன் ஓடவிட்டு, 1000 டிகிரி செல்சியஸையொட்டிச் சூடேற்றுவோம். செம்பு 1085 டிகிரியில் உருகிவிடும், அதனால் கண் அதிலேயே இருக்க வேண்டும். அப்புறம் மீத்தேன். அதிலிருந்து பிரியும் கார்பன் செம்புக்குள் அநேகமாகக் கரையாது. மேலேயே பரவி, ஓரணுத் தடிமனில் மூடியதும் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். டெக்சஸ் பல்கலைக்கழகக் குழு 2009-இல் காட்டிய வழி இது.

ஆனால் படலம் ஒரே துண்டாக வளர்வதில்லை. அங்கங்கே திட்டுத்திட்டாக முளைத்து, வளர்ந்து, ஒன்றையொன்று தொடுகிறது. தொடும் இடமெல்லாம் துணியில் தையல் விழுந்த மாதிரிதான். ஆறும்போது செம்பு சுருங்கும், கிராஃபீன் சுருங்காது. அதனால் மடிப்பும் விழும்.

வளர்த்த தாளை ஹாட் பிளேட்டில் 200 டிகிரியில் சில நிமிடம் வைத்துவிட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். பெரும்பகுதி புதுச் செம்பாகப் பளபளக்கும். நடுநடுவே செந்நிறக் கோடுகள் ஓடும். காற்று நுழைந்த இணைப்புகள் அவை.

வெறும் செம்பில் உருவாகும் ஆக்சைடு அடுக்கு, அடுத்த அரிப்பை ஓரளவு தானே தடுக்கும். கிராஃபீனோ மின்சாரம் கடத்தும். விரிசல் வழியே ஈரம் புகுந்தால், செம்பும் கிராஃபீனும் சேர்ந்து ஒரு மின்கலம் போலாகிவிடும்; அதில் அரிக்கப்படுவது செம்புதான். அரிப்பு படலத்துக்கு அடியில் பரவிக்கொண்டே போகும். கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2013-இல் இதையே எடுத்துக்காட்டினார்கள். குறுகிய காலச் சூட்டுக்கு நல்ல காப்பு, நீண்ட காலத்துக்கு இல்லை.

கடைகளில் 'கிராஃபீன் கோட்டிங்' என்று விற்கும் கார் திரவங்கள் வேறு சமாச்சாரம். அவை உலோகத்தின் மேல் வளர்த்த படலம் அல்ல. கிராஃபீன் கலந்ததாகச் சொல்லப்படும் பூச்சுகள், அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் விற்பனையாளரிடம் சோதனை அறிக்கை கேளுங்கள். சில மணி நேரச் சோதனை போதாது. ஈரத்தில் மாதக்கணக்கில் வைத்த, கீறல் போட்ட மாதிரி என்ன ஆயிற்று என்று அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள்.