மாதிரி ரயிலுக்குள் பேட்டரி: ரிமோட்டை அப்புறம் பார்ப்போம்

மாதிரி ரயிலைப் பேட்டரிக்கு மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள் முதலில் ரிமோட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். எவ்வளவு தூரம் எடுக்கும், கைப்பேசியில் ஓட்டலாமா, விசில் சத்தம் வருமா? பேட்டரி எங்கே உட்காரும், எதைக் கொண்டு சார்ஜ் செய்வது என்பதெல்லாம் பேச்சின் கடைசியில் வரும். சில நேரம் வராமலே போகும். மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில், இந்த ரயில் வேலை அதன் ஓரத்தில் வளர்ந்தது. என் மேசைக்கு வரும் வண்டிகளில் ரேடியோ கெட்டது அரிது. உப்பிய பேட்டரியும் உருகிய வயரும்தான் அதிகம்.

ஆசையில் தவறில்லை. சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் நிரந்தரமாக மேசை போட்டு ரயில் ஓட்ட யாருக்கு இடம் இருக்கிறது? சனிக்கிழமை மாலை வரவேற்பறைத் தரையில் தண்டவாளம் விரியும், இரவுச் சாப்பாட்டுக்குள் பெட்டிக்குள் போய்விடும். வழக்கமான முறையில் மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் சக்கரத்துக்கு வருகிறது. இங்குள்ள ஈரப்பதத்தில் பித்தளைத் தண்டவாளம் சீக்கிரம் கறுக்கும். அடிக்கடி கழற்றி மாட்டுவதால் இணைப்புகளும் தளரும். வண்டி விக்கி விக்கி ஓடும். பேட்டரியை உள்ளே வைத்துவிட்டால் தண்டவாளம் வெறும் பாதை, அவ்வளவுதான். சுற்றி வந்து அதே பாதையில் எதிர்த்திசையில் சேரும் வளையம் போட்டாலும் ஷார்ட் ஆகாது.

நம்மவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது நீலகிரி மலை ரயில். மூத்தவர்களுக்கு, 2011 ஜூன் கடைசி வரை தஞ்சோங் பகார் நிலையத்துக்கு வந்துபோன மலாயா ரயில். இரண்டுமே மீட்டர் அகலப் பாதை. பெரிய மாதிரி ரயில்களுக்கான ‘ஜி’ அளவுத் தண்டவாளத்தின் அகலமான 45 மில்லிமீட்டரை 22.5ஆல் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வரும். 1:22.5 அளவில், அதாவது அசலைவிட 22.5 மடங்கு சிறிதாகச் செய்த இன்ஜினுக்குள் இடமும் தாராளம். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள 18650 செல் மூன்றைச் சேர்த்து 11.1 வோல்ட் பேக் கட்டிவிடலாம்.

எச்ஓ அளவில், அதாவது 1:87இல், கதை வேறு. அங்கே ஒரே ஒரு சின்ன லித்தியம் பாலிமர் செல்லை வைத்து, வோல்ட்டைக் கூட்டும் சர்க்யூட் போடுவார்கள். இங்கேதான் கணக்குத் தப்புகிறது. மோட்டார் 12 வோல்ட்டில் 0.3 ஆம்ப் இழுத்தால், சர்க்யூட்டில் வீணாவதையும் சேர்த்து 3.7 வோல்ட் செல்லிலிருந்து ஒரு ஆம்ப்புக்கு மேல் போகும். தீப்பெட்டியைவிடச் சிறிய 200 மில்லியாம்ப்-அவர் கொள்ளளவுள்ள செல்லுக்கு அது பெரிய சுமை. சூடேறும், சீக்கிரம் உப்பும். செல்லைப் பின்னால் வரும் பெட்டியில் வைத்து இரண்டு வயர் இழுத்துக்கொள்ளுங்கள் என்பேன். அதைவிடச் சின்ன ‘என்’ (N) அளவு வண்டிக்காரர்களைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறேன். தண்டவாளத்தைத் துடைப்பதே அவர்களுக்கு மலிவு.

எதையும் வாங்குமுன் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து, ஓடும்போதும், சக்கரத்தை ஒரு நொடி பிடித்து நிறுத்தும்போதும் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபியூஸ், வயர், செல் எல்லாம் இந்த இரண்டு எண்ணிலிருந்துதான் முடிவாகும். ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே இருக்கட்டும். புகை விடும் கருவியைக் கழற்றிவிடுங்கள். பிள்ளைகள் முகம் சுருங்கும், தெரியும். ஆனால் மின்சாரத்தைக் குடிப்பதும் அதுதான், பேட்டரிக்குப் பக்கத்தில் கொதிப்பதும் அதுதான்.

செல் விஷயத்தில் இணையக் கடைகளை நம்ப வேண்டாம். 18650 செல்லில் 9900 மில்லியாம்ப்-அவர் என்று அச்சிட்டிருந்தால் அது பொய். நல்ல செல்லே 3500 வாக்கில்தான் இருக்கும். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், அசல் செல் பெரும்பாலும் 45 கிராம் வாக்கில் இருக்கும். மின்னணுப் பாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் விலை கொஞ்சம் கூடினாலும் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம்.

“அண்ணே, பன்னெண்டு வோல்ட் பேட்டரிதானே, வீட்ல இருக்கிற அடாப்டர் போதாதா?” இதைக் கேட்காத மாதம் இல்லை. போதாது, ஆபத்து. மூன்று லித்தியம் அயன் செல் சேர்ந்த பேக் சார்ஜ் ஆகும்போது 12.6 வோல்ட்டில் நிற்க வேண்டும். மூன்றும் சமமாக நிறைய வேண்டும். அதற்கென்று உள்ள சார்ஜர் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி, நிறைந்ததும் நிறுத்தும். மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டருக்கு அந்தப் புத்தி கிடையாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் என்றால் ஒன்றுக்கு 3.65 வோல்ட்தான் உச்சம், அதற்குச் சார்ஜரே வேறு. மின்ஸ்கூட்டருக்கு யுஎல் 2272 என்ற தீப்பாதுகாப்புச் சான்று கேட்கிறார்கள். கையால் கட்டிய ரயில் பேக்கை யாரும் அப்படிச் சோதித்துத் தருவதில்லை. ஆகவே குடிமைத் தற்காப்புப் படை சொல்வதுபோல் இரவு முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். வாசல் கதவருகே காலணி அலமாரி மேலும் வேண்டாம், தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அதுதான்.

பலர் மறப்பது சக்கரத்திலிருந்து வரும் பழைய வயர்கள். அவற்றைத் துண்டிக்காமல் விட்டால், நண்பர் வீட்டு மின்தண்டவாளத்தில் வண்டியை வைத்த கணமே அந்த மின்சாரம் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்குள்ளும் பேட்டரிக்குள்ளும் பாயும்.

ரேடியோவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவியே போதும். அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் சில கருவிகள் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும். இங்கே அதில் ஒரு பகுதி கைப்பேசிச் சேவைக்குரியது. அந்த வரிசையில் இப்படிப்பட்ட சிறு கருவிகளுக்கு 920 முதல் 925 வரைதான் இடம். வண்டியின் உடம்பு பித்தளை என்றால் ஆன்டெனாவை உள்ளேயே சுருட்டி வைக்காதீர்கள், சிக்னல் வெளியே வராது.

பழைய செல்லைக் குப்பைக் குழாயில் போடுவது கூடாது. முனைகளில் நாடா ஒட்டி, பேட்டரி ஏற்கும் மின்கழிவுத் தொட்டியில் சேர்க்கலாம். உப்பியதை மட்டும் அதில் போடாமல் என்னிடமே விட்டுவிடச் சொல்வேன். ஊருக்குப் போகும்போது வண்டியைக் காட்ட எடுத்துச் செல்கிறவர்கள் பேக்கைக் கழற்றி விமானத்துக்குள் கொண்டுபோகும் கைப்பையில் வைக்க வேண்டும், சரக்கில் போகும் பெட்டியில் அல்ல. 11.1 வோல்ட், 3 ஆம்ப்-அவர் பேக் 33 வாட்-அவர்தான். 100 வாட்-அவர் வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவைப்படாது. ஆனால் எண் எதுவும் எழுதாத, சுருக்கு உறை போட்ட ஒரு கட்டைப் பாதுகாப்புச் சோதனையில் என்னவென்று நினைப்பார்கள்? அதனால் நான் கட்டித் தரும் ஒவ்வொரு பேக்கிலும் வோல்ட்டையும் வாட்-அவரையும் அச்சிட்டு ஒட்டியே கொடுக்கிறேன்.