தலைமடைக்காரர் தண்ணீரை விட்டுக்கொடுப்பது ஏன்?

சிங்கப்பூரிலிருந்து பாலித் தீவுக்கு விடுமுறை போகிறவர்கள் அங்குள்ள படிக்கட்டு வயல்களைப் படமெடுக்காமல் திரும்புவதில்லை. ஒரு சரிவு முழுவதும் ஒரே பருவத்துப் பயிர் நிற்க, பக்கத்துச் சரிவு அறுவடை முடிந்து கிடப்பதை அந்தப் படங்களிலேயே காணலாம். அங்கே நீர்ப் பங்கீட்டின் பெரும்பகுதி, யார் எப்போது நடவு செய்வது என்ற முடிவில்தான் அடங்கியிருக்கிறது.

நெற்பயிர் எல்லா நாளும் ஒரே அளவு தண்ணீர் கேட்பதில்லை. காய்ந்த மண்ணை ஊறவைத்துச் சேறாக்கி நாற்று நடும் தொடக்க வாரங்களில்தான் தேவை உச்சத்தில் இருக்கும். பிறகு தேங்கிய நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். அறுவடைக்கு முன் அதையும் வடித்துவிடுவார்கள். ஆழமான பள்ளத்தாக்குகளில் விரைந்தோடும் பாலி ஆறுகளில் நீரைப் பெரிதாகத் தேக்கிவைக்க வழியில்லை. ஆகவே ஓர் ஆற்றை நம்பிய ஊர்கள் அனைத்தும் ஒன்றாகச் சேறடிக்கத் தொடங்கினால், நீர் கடைசியாக வந்துசேரும் கடைமடை வயல்கள் காயும். நாள்களைத் தள்ளித்தள்ளி வைத்தால் அதே ஆறு எல்லாருக்கும் போதும்.

ஆனால், ஆளுக்கொரு நாளில் நட்டால் நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சிக்கும் எலிக்கும் ஆண்டு முழுவதும் விருந்துதான். பெரும் பரப்பில் ஒரே நேரத்தில் அறுவடை முடித்து வயலைச் சும்மா விட்டால்தான் அவை உணவின்றி அழியும். ஒன்றாக நட்டால் தண்ணீர் போதாது; தனித்தனியாக நட்டால் பூச்சி விடாது.

நீர் முதலில் பாயும் மேட்டில் வயல் வைத்திருக்கும் தலைமடைக்காரருக்குத் தண்ணீர்க் கவலை இல்லை; பூச்சிக் கவலை மட்டுமே உண்டு. கடைமடைக்காரர் தண்ணீர் கிடைக்காமல் நடவைத் தள்ளிப்போட்டால், அவர் வயலில் பெருகும் பூச்சி மேலேயும் ஏறிவரும். அதைத் தவிர்க்க, மேலிருப்பவர் தம் பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கீழிருப்பவரையும் ஒன்றாக நடச் செய்வது அவருக்கே லாபம். தண்ணீர்ச் சண்டையைப் பூச்சி தீர்த்துவைக்கிறது என்பதுதான் இதில் என்னை மிகவும் கவர்ந்த இடம்.

ஒரே வாய்க்காலைப் பகிரும் உழவர்களின் சங்கத்துக்கு 'சுபாக்' என்று பெயர். யுனெஸ்கோ 2012இல் இம்முறையை உலக மரபுடைமையாக அறிவித்தது. வாய்க்கால் பிரியும் இடத்தில் குறுக்கே கிடக்கும் மரக்கட்டையில் வெவ்வேறு அகலத்தில் மடைகள் வெட்டியிருப்பார்கள். ஆற்றில் நீர் ஏறினாலும் இறங்கினாலும் பங்கின் விகிதம் மாறாது. பல சுபாக்குகள் கூடும் நீர்க்கோயில்களில் நடவு நாள்கள் முடிவாகின்றன.

1970களில் பசுமைப் புரட்சி வந்தபோது, இந்தக் கால ஒழுங்கைப் பாராமல் முடிந்தவரை அடிக்கடி பயிரிடுமாறு உழவர்கள் ஊக்குவிக்கப்பட்டனர். தண்ணீர்த் தட்டுப்பாடும் பூச்சித் தாக்குதலும் தொடர்ந்தன. மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரேமருடன் சேர்ந்து, இரண்டு ஆறுகளைச் சார்ந்த 172 சுபாக்குகளைக் கணினியில் உருவகப்படுத்தினார். ஒவ்வொரு சுபாக்கும் தன் அண்டையாருள் அதிகம் விளைவித்தவரின் நடவு அட்டவணையைப் பின்பற்றட்டும் என்ற ஒரே விதியை அவர்கள் வைத்தார்கள். சில சுழற்சிகளிலேயே, நீர்க்கோயில்களைச் சுற்றி உண்மையில் அமைந்துள்ள குழுக்களை ஒத்த குழுக்கள் திரையில் உருவாயின, விளைச்சலும் கூடியது.

லான்சிங் பின்னர் நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அவரும் அங்குள்ள ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, துணைக்கோள் படங்களில் தெரியும் பயிர்த் திட்டுகளை அளந்தது. சிறியவை பலவும் பெரியவை சிலவுமாக அவை பரவியிருந்த விதம், தண்ணீர், பூச்சி ஆகிய இரு இழப்புகளையும் வைத்துக் கணித்த மாதிரியோடு நெருங்கிப் பொருந்தியது.